பேச்சுக்கு முன்னரே வரும் புரிதல்: கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு ஏழு மாதம். "பால்", "மூக்கு" போன்ற சொற்கள் அவளுக்கு உண்மையிலேயே புரியுமா, இல்லை நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாளா?

பதில்: இரண்டுமே நடக்கும். 2012-இல் அமெரிக்காவில் எலிகா பெர்கல்சனும் டேனியல் ஸ்விங்லியும் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 9 மாதக் குழந்தைகளைப் பெற்றோர் மடியில் அமர்த்தி, திரையில் படங்களைக் காட்டினார்கள். பெற்றோரின் பார்வையே துப்புக் கொடுத்துவிடக் கூடாதென்று அவர்களுக்குத் திரை தெரியாதபடி மறைத்துவிட்டு, ஒரு படத்தின் பெயரை மட்டும் சொல்லச் செய்தபோது, உணவு, உடலுறுப்பு ஆகியவற்றின் பெயர்களுக்கு உரிய படத்தையே குழந்தைகள் சற்றுக் கூடுதலாகப் பார்த்தன. வீட்டிலும் விரலை நீட்டாமல், கண்ணாலும் காட்டாமல் கேட்டுப் பாருங்கள். அவள் திரும்பாவிட்டால் புரியவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: நாம் நிறுத்தாமல்தான் பேசுகிறோம். ஒரு சொல் எங்கே முடிகிறது என்பது குழந்தைக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதை அது கவனித்துக்கொள்கிறது. 1996-இல் ஜென்னி சாஃப்ரன் குழுவினர் பொருளற்ற மூவசைச் சொற்களை இடைவெளியின்றிக் கோத்து, எட்டு மாதக் குழந்தைகளுக்கு இரண்டே நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். அதற்குள் சொல்லாக அமைந்த தொடரையும் சொல்லெல்லையைத் தாண்டிய தொடரையும் குழந்தைகள் வேறுபடுத்தின. "பாலு குடிக்கிறியா", "பால கொட்டிட்டியே", "பாலுக்கா அழுவுற" என்று ஈறு மாறி மாறி வந்தாலும் முன்பகுதி மாறாதிருப்பது தமிழ்க் குழந்தைக்கு உதவும் என்பது என் கருத்து.

கேள்வி: கனடாவில் வசிக்கிறோம். தமிழ்க் காணொளிகளைப் போட்டுக் காட்டினால் போதுமா?

பதில்: போதாது. 2003-இல் பட்ரிசியா குல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் விளையாடியபடி பேசியவர்களிடமிருந்து சீன ஒலி வேறுபாட்டைக் கற்றன. காணொளியில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. காலமும் முக்கியம். ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் ஆறெட்டு மாதத்தில் உணரும் இந்தியின் த, ட வேறுபாட்டை ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் தவறவிடுகின்றன என்று 1984-இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் காட்டினார்கள். "பத்து", "பட்டு" என்பவற்றைப் பிரிப்பதும் அத்தகைய வேறுபாடே. ஆகவே குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் நீங்களே தமிழில் பேசுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயது மகன் ஓரிரு சொற்கள்தான் பேசுகிறான். ஆட்டைக் கண்டாலும் "தோ தோ" என்கிறான்.

பதில்: ஆட்டை அப்படி அழைப்பது இயல்பு, "ஆமாம், ஆடு" என்று சொன்னால் போதும். "செருப்ப எடுத்துட்டு வா" என்று சைகையின்றிச் சொன்னால் எடுத்து வருகிறானா என்று பாருங்கள். வந்தாலும் வராவிட்டாலும், பேச்சு இவ்வளவு குறைவாக இருப்பதால் குழந்தை மருத்துவரிடம் காட்டி, செவித்திறன் பரிசோதனையை முதலில் செய்துவிடுங்கள்.