கடைசி வரிசையில் ஒரு சக ஆசிரியர்: கேள்வி பதில்

கேள்வி: உதவிப் பேராசிரியராகி மூன்று வருடம் ஆகிறது. முதலில் எந்தப் பயிற்சியில் சேரலாம்?

பதில்: அதற்கு முன், நீங்கள் நம்பும் ஒரு சக ஆசிரியரை உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். நான் பலருடைய வகுப்பில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். அந்த ஆசிரியர் 11 கேள்வி கேட்டார். பதினொன்றுக்கும் ஒரு விநாடிகூட நிற்காமல் தானே பதிலும் சொல்லிவிட்டார். குறிப்பைக் காட்டியபோது அவரால் நம்பவே முடியவில்லை. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே இதை அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி. மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். அடுத்த வாரம் நான் கவனித்த அந்த ஆசிரியர் மனதுக்குள் மூன்று வரை எண்ணினார். ஜன்னலோரம் இருந்த ஒரு மாணவி அந்தப் பருவத்திலேயே முதல்முறையாகப் பதில் சொன்னார். ஒரு எச்சரிக்கை: கவனிக்க வருபவர் உங்கள் பதவி உயர்வை முடிவு செய்பவராக இருக்கக் கூடாது.

கேள்வி: பதவி உயர்வுக்கு எத்தனை சான்றிதழ் வேண்டும்?

பதில்: உங்கள் பல்கலைக்கழக விதியில் இருக்கும். அங்கேயே கேளுங்கள்.

கேள்வி: மாணவர்களுக்குக் கல்வி ஆலோசகராகப் போட்டுவிட்டார்கள். பயிற்சி எதுவும் இல்லை.

பதில்: பலரும் இப்படித்தான் இந்தப் பொறுப்புக்கு வருகிறார்கள். ஆலோசனை சொல்வதும் கற்பித்தல்தான் என்று அமெரிக்கக் கல்வியாளர் பர்ன்ஸ் குரூக்ஸ்டன் 1972-இலேயே எழுதினார். 1979-இல் தொடங்கிய நகாடா என்ற ஆலோசகர் அமைப்பு, இந்த வேலைக்கான திறன்களை ஆலோசனையின் அடிப்படைக் கருத்துகள், சொல்ல வேண்டிய தகவல்கள், மாணவரோடு உள்ள உறவு என்று மூன்றாகப் பிரிக்கிறது. எந்தப் பாடத்தை எடுக்கலாம் என்ற விதிகளைப் படித்துக்கொள்ளலாம். ஆனால் அழுதுகொண்டே வரும் மாணவரிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது? அதை ஆட்களிடமிருந்துதான் கற்க முடியும். நான்கைந்து ஆலோசகர்கள் மாதம் ஒருமுறை கூடி, பெயர் சொல்லாமல் ஒரே ஒரு மாணவரின் சிக்கலை முழுதாகப் பேசுங்கள்.

கேள்வி: முன்பின் தெரியாத மாநாட்டிலிருந்து 'சிறப்புப் பேச்சாளர்' அழைப்பு, கட்டணம் கேட்கிறார்கள்.

பதில்: கட்டாதீர்கள்.

கேள்வி: என்னிடம் 12 சான்றிதழ்கள் உள்ளன. போதுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். இதே கேள்வி நான்காவது முறையாக வருகிறது. அந்த 12 பயிற்சிகளால் உங்கள் வகுப்பில் எது மாறியது என்று எழுதுங்கள், விரிவாகப் பேசலாம்.

கேள்வி: சக ஆசிரியர் எதற்கு? மாணவர்கள் ஆசிரியருக்குத் தரும் மதிப்பெண்ணே போதாதா?

பதில்: போதாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வந்த, ஆய்வாளர் உட்ல் குழுவின் கட்டுரை, அதிக மதிப்பெண் வாங்கிய ஆசிரியரிடம் மாணவர்கள் அதிகம் கற்றதாகத் தெரியவில்லை என்றது. ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், விரிவுரை கேட்டவர்களைவிடத் தாங்களே செய்து கற்றவர்கள் தேர்வில் நன்றாக எழுதினார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள்.

கேள்வி (அவரே மறுபடியும்): அப்படியானால் மாணவர் சொல்வதைக் கேட்கவே வேண்டாமா?

பதில்: கட்டாயம் கேட்க வேண்டும். பருவம் முடிந்த பிறகு கேட்பதுதான் தப்பு. பாதிப் பருவத்தில் ஒரு நாள் நீங்கள் வெளியே போய்விடுங்கள். சக ஆசிரியர் உள்ளே வந்து, மாணவர்களைச் சிறு குழுக்களாக்கி, 'கற்க எது உதவுகிறது, எது தடுக்கிறது' என்று கேட்கட்டும். அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில், எதை மாற்றப் போகிறீர்கள், எதை மாற்ற முடியாது, ஏன் என்று அவர்களிடமே சொல்லுங்கள்.