டூத் என்றால் பல் அல்ல

கேள்வி: என் மைத்துனருக்கு நடக்கும்போது கால் தடுக்குகிறது. 'சார்கோ-மேரி-டூத்' என்ற பரம்பரை நரம்பு நோய் என்கிறார்கள். பெயர் வைத்து, ரகம் பிரித்துப் பட்டியல்தானே போட்டிருக்கிறார்கள்? இத்தனை வருடமாக இந்த நரம்பியல் டாக்டர்கள் வேறென்ன கிழித்தார்கள்?

பதில்: முதலில் அந்த டூத்தைக் கவனித்துவிடுவோம். எங்களிடம் ஓர் உதவி ஆசிரியர் இருந்தார். எதையும் தமிழ்ப்படுத்தாமல் விடுவதில்லை என்று விரதம். இந்த நோயைப் பற்றி வந்த கட்டுரை அவர் மேஜையைக் கடந்து வந்தபோது 'சார்கோ-மேரி பல் நோய்' ஆகியிருந்தது. ஓவியர் தன் பங்குக்கு ஒரு கடைவாய்ப் பல்லை வரைந்து கொடுத்துவிட்டார், வேரோடு. கட்டுரை முழுக்கக் காலைப் பற்றி. நல்லவேளை, அச்சுக்குப் போவதற்கு முன் கண்ணில் பட்டது. டூத் ஓர் ஆங்கிலேய டாக்டரின் பெயர் என்றேன். “சரி, அந்த மேரியம்மாவாவது பல் டாக்டரா?” என்றார். அம்மாவும் இல்லை. பியர் மேரி, ஆண்பிள்ளை, பாரிஸ் நரம்பியல் டாக்டர் சார்கோவின் சீடர். தமிழில் சொல்ல முடிந்ததை எல்லாம் தமிழில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் ஆள் பெயரைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு ஆகாது. நண்பர் இன்றைக்கும் என்னைத் தமிழ்ப் பகைவன் என்று சொல்லி வருவதாகக் கேள்வி.

குருவும் சீடரும் 1886இல் ஐந்து நோயாளிகளை வைத்து இந்த நோயை விவரித்தார்கள். அதே ஆண்டில் ஹோவர்ட் ஹென்றி டூத் தன் கேம்பிரிட்ஜ் ஆய்வேட்டில் இதைத் தனியாக எழுதினார். பாரிஸ்காரர்கள் கோளாறை முதுகுத்தண்டில் தேடினார்கள். கை கால்களுக்குப் போகும் நரம்பில் என்றார் டூத். டூத் சொன்னதுதான் சரி. பெயரில் அவருக்குக் கிடைத்தது கடைசி இடம். சேர்ந்து எழுதிய கட்டுரையில் யார் பெயர் முன்னால் என்ற சண்டையில் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும்.

அப்புறம் உங்கள் 'பட்டியல்தானே'. அந்தத் 'தானே'யோடுதான் எனக்குத் தகராறு. லண்டன் நரம்பியல் மருத்துவர் அனிடா ஹார்டிங், சக மருத்துவர் பி.கே. தாமஸுடன் சேர்ந்து 1980இல் 228 பேரை ஆராய்ந்து ஒரு கோடு கிழித்தார் (கிழித்தது இதுதான்). கை நரம்பில் மின்துடிப்பு விநாடிக்கு 38 மீட்டருக்குக் கீழே ஓடினால் முதல் வகை, மேலே ஓடினால் இரண்டாம் வகை. 38 மீட்டர் என்பது மணிக்கு சுமார் 137 கிலோமீட்டர், நிதானமான வேகப்பந்து. ஆரோக்கியமான கை நரம்பு 180ஐ எட்டும். அந்த வேகத்தில் இதுவரை யாரும் பந்து வீசியதில்லை. வேகம் நன்றாகக் குறைந்திருந்தால் நரம்பின் மேலுறை கெட்டிருக்கிறது. வேகம் அதிகம் குறையாமல் வலு மட்டும் போனால் உள்ளே ஓடும் இழையே நைந்திருக்கிறது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தால், மரபணுவைத் தேடிப் போனவர்கள் திண்டாடியிருப்பார்கள்.

1991இல் விடை வந்தது. முதல் வகைக்காரர்களில் பெரும்பாலோருக்கு 17ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு இரட்டித்திருந்தது. புத்தக பைண்டிங்கில் ஒரே ஃபாரத்தை (ஒன்றாக அச்சாகும் பக்கக் கட்டு) இரண்டு தடவை கோத்துவிடுவார்களே, அந்த மாதிரி. அதே ஃபாரம் விட்டுப்போனாலும் நோய்தான், ஆனால் வேறு நோய். சற்று நேரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாலே நரம்பு சோர்ந்துவிடும். இந்த இரட்டிப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லுப்ஸ்கிக்கே சார்கோ-மேரி-டூத் உண்டு. கூத்து என்னவென்றால், அவர் உடம்பில் அந்த இரட்டிப்பு இல்லை! தன் மரபணுத் தொகுதியை முழுசாக வாசிக்கவைத்து, வேறொரு மரபணுவில் இருந்த பிழையை அவர் அறிவித்தது 2010இல்.

ஹார்டிங் 1995இல் புற்றுநோயால் இறந்தார், 42 வயதில். அப்போது புதிதாக வந்த கம்ப்யூட்டர் மென்பொருளான விண்டோஸ் 95ஐ இனி வாங்கும் தொல்லை இல்லை என்று கடைசி நாட்களில் சொன்னதாகச் சொல்வார்கள். இந்தப் பெண்மணியைப் போய் பட்டியல் போட்டவர் என்கிறீர்கள்.

மருந்தைத்தானே சுற்றி வளைத்துக் கேட்கிறீர்கள்? மழுப்பவில்லை, உங்கள் மைத்துனரின் நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. ஆனால் போர்ச்சுகல் டாக்டர் கொரினோ அந்திராதே 1952இல் விவரித்த இன்னொரு பரம்பரை நரம்பு நோய்க்கு வழி பிறந்திருக்கிறது. கெட்ட புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆணையையே வழியில் மடக்கும் மருந்துக்கு அமெரிக்கா 2018இல் அனுமதி தந்தது. விவரித்ததற்கும் மருந்துக்கும் நடுவே 66 வருடம்.

மைத்துனரின் கை நரம்பு வேகம் 38க்கு மேலா கீழா என்று டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். பல் டாக்டரிடம் அல்ல.