ராஜ்தூத் 350: இடது பிஸ்டன் மட்டும் பிடிக்குது

ரெண்டு சிலிண்டர் ராஜ்தூத் 350 பைக்ல இடது பிஸ்டன் மட்டும் சூட்டுல இறுகிப் பிடிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. மெயின் ஜெட்டை (கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற துளைத் திருகு) இனியும் ஏத்தாதீங்க. ரெண்டு தடவை பெருசாக்கியும் இடது பிஸ்டன் மட்டுமே பிடிக்குதுன்னா, இடது பக்கம், மேக்னெட் (கரண்ட் தயாரிக்கிற பாகம்) இருக்கிற பக்கத்து கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டு முனையை அடைக்கிற ரப்பர் வளையம்) மேலதான் எனக்குச் சந்தேகம். ரப்பர் காய்ஞ்சு வெளிக்காத்தை இழுக்கும், பெட்ரோல் கலவை மெலிஞ்சு அந்தப் பிஸ்டன் சூடேறிப் பிடிக்கும். வலது சீல் போயிருந்தா கியர் ஆயில் எரிஞ்சு புகை தள்ளியிருக்கும்.

மேக்னெட்டையும் சைலன்சர்களையும் கழட்டுங்க. ரெண்டு எக்ஸாஸ்ட் வாய், ரெண்டு கார்புரேட்டர் வழி எல்லாத்தையும் அடைச்சு, இடது பிஸ்டனை அடியில நிறுத்துங்க. அந்தப் பக்கத்து பிளக் துளை வழியா, பிபி பார்க்கிற பல்பால மீட்டர்ல 250 மி.மீ. (பாதரச அளவு) வரை காத்து ஏத்துங்க. அதுக்கு மேல வேணாம், நல்ல சீலும் பிதுங்கிடும். 5 நிமிஷம் முள் நிக்கணும். இறங்கினா சோப்புத் தண்ணி தடவுங்க, குமிழி காட்டிக்கொடுக்கும்.

வேலூர் மத்தியான வெயில்ல மட்டும் ஜெட்டை முடிவு பண்ணிடாதீங்க. சூட்டுக் காத்து மெலிசு. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல குளிர்ந்த, அடர்த்தியான காத்துல காலை பிராக்டீஸுக்கு அதே ஜெட் பத்தாமப் போகலாம்.