காரில் கச்சேரி கேட்க 70,000 ரூபாயா?

கேள்வி: தினமும் திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குக் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். நிம்மதியாகக் கர்நாடகக் கச்சேரி கேட்க எனக்குக் கிடைப்பது அந்த நேரம்தான். ஆனால் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்தின் அடி ஒலி, காதிலேயே விழுவதில்லை. கடையில் ஸ்பீக்கர், ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி), சப்வூஃபர் (அடி ஒலிக்கான ஸ்பீக்கர்) எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய் சொல்கிறார்கள். "ஓடுற வண்டில எந்த ஸ்பீக்கர் போட்டா என்ன?" என்கிறார் கணவர். செலவு செய்யலாமா?
– திருச்சி வாசகி

பதில்: உங்கள் காதில் கோளாறு இல்லை. கணவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

நெடுஞ்சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டயரும் சாலையும் உரசும் சத்தம் பெரும்பாலும் கனத்த, தாழ்ந்த ஒலியாகவே உள்ளே வரும். தொப்பியின் நாதமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டும் மோதினால் தொப்பிதான் தோற்கும். வலப்பக்கமான வலந்தலையின் 'நம்', 'தின்' மட்டும் மேலே மிதந்து வரும். சினிமாப் பாட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. பெரும்பாலான புதிய பாடல்களில் மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு அழுத்திவிடுகிறார்கள். கச்சேரி அப்படியில்லை. ஆலாபனையின் மெல்லிய பிடி கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றுவீர்கள். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் வந்ததும் பதறிக் குறைப்பீர்கள். அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்குக் காரின் ஒலித்தரம் இவ்வளவு உறுத்துகிறது. இதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, பணத்துக்கு முன்னால் காசில்லாத வேலைகளைப் பார்ப்போம். பாடல் செயலியில் தரம் 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால் மாற்றுங்கள். சிக்னல் குறைந்தால் அது தரத்தையும் குறைத்துவிடும். ஸ்பாட்டிஃபையில் 'நார்மல்' என்பது 96 கேபிபிஎஸ், 'வெரி ஹை' 320; எண் கூடினால் தரமும் கூடும். வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. புளூடூத் ஒலியை இன்னொரு முறை சுருக்கி அனுப்பும், அதனால் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டுங்கள். ஏசி ஃபேனை ஒரு படி குறையுங்கள். ஓட்டுபவருக்கு வலது கதவு ஸ்பீக்கர் பக்கத்தில் இருப்பதால் பாட்டு அந்தப் பக்கமே சாய்ந்து கேட்கும்; பேலன்ஸைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் மனம் ஆறவில்லையென்றால் முதல் செலவு கதவுக்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கதவின் தகரம் மெல்லியது, உள்ளே ஓட்டைகள் வேறு. எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் தகரமும் சேர்ந்து அதிரும், அடி ஒலி ஓட்டை வழியே கரைந்துபோகும். ரப்பர் போன்ற பியூட்டைல் ஷீட் ஒட்டி அதிர்வை அடக்கினால் ('டேம்பிங்') பழைய ஸ்பீக்கரிலேயே தொப்பி கொஞ்சம் எழுந்து வரும். டயர் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். டயர் கடைக்காரர் இசைக்கு உதவுவார் என்று யார் நினைப்பார்கள்!

அடுத்ததாக, முன் கதவுகளுக்கு மட்டும் ஊஃபரும் (தாழ்ந்த ஒலிக்கு) டிவீட்டரும் (கீச்சு ஒலிக்கு) தனித்தனியாக வரும் காம்போனென்ட் செட் போதும். பின் ஸ்பீக்கர்கள் அப்படியே இருக்கட்டும், நீங்கள் பின்சீட்டில் உட்காரப் போவதில்லை. சின்ன ஆம்ப் ஒன்று சேர்க்கலாம். சீட்டுக்கு அடியில் வைக்கும் சிறிய சப்வூஃபர் கடைசியாகத்தான். அதையும் தெரு அதிர வைக்காமல், தொப்பி கேட்கும் அளவுக்கு மட்டும் திறந்துவையுங்கள். வயரை வெட்டாமல், செருகி இணைக்கும் கப்ளர் போட்டுத் தரச் சொல்லுங்கள். வெட்டினால் வாரண்டியில் சிக்கல் வரலாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய கேசட்டிலிருந்து மாற்றிய சபா ஒலிப்பதிவுகள் உங்களிடம் இருந்தால், நல்ல ஸ்பீக்கர் அவற்றின் இரைச்சலையும் சேர்த்தே தெளிவாகக் காட்டும்.

கடைக்குப் போகும்போது அவர்கள் வைத்திருக்கும் டெமோ பாட்டை நம்பாதீர்கள். உங்களுக்குப் பழகிய கச்சேரி ஒன்றைக் கொண்டுபோய், கடைக்காரரையும் ஏற்றிக்கொண்டு, பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் பில் போடச் சொல்லுங்கள்.