பாட்டியின் குண்டான் 1880இல் சென்னையில் வாங்கியதா?

பூட்டனார் 1880இல் சென்னையில் வாங்கி ரங்கூனுக்குக் கொண்டுவந்ததாக வீட்டில் சொல்லும் அந்தக் குண்டான் அலுமினியம் என்றால், 1880 இருக்கவே முடியாது. அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழியை அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் கண்டுபிடித்ததே 1886இல்தான். அதற்கு முன் அது விலையுயர்ந்த அபூர்வ உலோகம், சோறு வடிக்க யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கியது 1898இல்.

அதற்காக வீட்டுப் பெரியவர்கள் பொய் சொன்னதாக நினைக்காதீர்கள். பூட்டனார் 1880இல் ரங்கூனுக்குக் கப்பலேறியது உண்மையாகவே இருக்கலாம். அவர் கொண்டுவந்தது ஈயம் பூசிய பித்தளையாக இருந்திருக்கும். அது போன பிறகு அதன் கதை இந்தக் குண்டானுக்கு வந்து சேர்ந்திருக்கும். பர்மாவின் மோல்மின் ஊர்ப் பக்கத்து வீடுகளிலும் இப்படிக் கேட்டிருக்கிறேன்.

முதலில் அது 'டான்' (பர்மிய மொழியில் அலுமினியம்) பாத்திரம்தானா என்று பாருங்கள்:

1. மூடியை மட்டும் நிறுங்கள். குண்டானின் பித்தளைக் காது கணக்கைக் கெடுத்துவிடும்.
2. விளிம்புவரை நிரம்பிய தண்ணீரில் மூடியை முழுக்க அமிழ்த்தி, வழிவதை அளங்கள். ஒரு கிலோவுக்குச் சுமார் 370 மில்லி வழிந்தால் அலுமினியம். 140 மில்லிக்குள் என்றால் அலுமினியம் இல்லை, வெள்ளீயமோ பித்தளையோ இரும்போ இருக்கலாம். அப்போது 1880 கதைக்கு மறுபடியும் உயிர் வரலாம்!

அடியில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும் முன் புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்ந்த எழுத்து திரும்பி வராது.

ஒன்று மட்டும்: கனமாக, சொரசொரப்பாக வார்த்த பாத்திரம் என்றால் பழைய இரும்புக்கடை உலோகத்தை உருக்கியதாக இருக்கலாம். அதில் காரீயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. புளிக்குழம்பு வேண்டவே வேண்டாம்.