சுதந்திரச் சந்தையா, இல்லையா: எதை வைத்துச் சொல்வது?

கேள்வி: சுதந்திரச் சந்தைப் பொருளாதாரத்துக்கு சிங்கப்பூரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே பெரும்பாலோர் வசிப்பது அரசு கட்டிய வீடுகளில் என்று படித்தேன். டென்மார்க்கில் வரி எக்கச்சக்கம். அதற்கும் நல்ல மதிப்பெண் போடுகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். சிங்கப்பூர்வாசிகளில் சுமார் 80 சதவீதம் பேர் அரசு வீட்டு வாரியம் கட்டிய அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். அமெரிக்க ஆய்வு அமைப்பான ஹெரிடேஜ் அறக்கட்டளை நாடுகளுக்கு மதிப்பெண் போடும் பொருளாதாரச் சுதந்திரப் பட்டியலில் 1995 முதல் 2019 வரை முதலிடத்தை விடாத ஹாங்காங்கிலும் நிலம் அரசுடையது. தனியாருக்குக் கிடைப்பது குத்தகை. பட்டியல் பொய் சொல்லவில்லை. சொத்துரிமை, வரி, வணிகம் என்று பல பாடங்களின் சராசரி அது. ஒன்றில் கோட்டை விட்டால் இன்னொன்று தூக்கிவிடும்.

நான் சராசரியைப் பார்ப்பதில்லை. விலையை யார் வைக்கிறார், புதியவர் யாரைக் கேட்டுக் கடை திறக்க வேண்டும், நஷ்டப்பட்டவர் கதி என்ன என்று கேட்பேன். முதல் இரண்டைப் பலரும் கேட்கிறார்கள். குட்டு வெளிப்படுவது மூன்றாவதில்தான்.

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானது. அமெரிக்க அரசு அதைக் காப்பாற்றவில்லை. மறுநாளே ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர் கடன் கொடுத்து அதே நாட்டின் மத்திய வங்கி கைதூக்கிவிட்டது. லாபம் முதலாளிக்கு, நஷ்டம் ஊருக்கு என்றால் அந்த இடத்தில் சந்தை இல்லை, கடையில் என்ன பெயர்ப்பலகை தொங்கினாலும் சரி. நியூசிலாந்து 1984-க்குப் பிறகு விவசாய மானியங்களை ஏறக்குறைய முழுதாக நிறுத்தியது. அங்கே நஷ்டம் ஊர் தலையில் விழவில்லை; அது வேறு ரகம்.

அப்புறம் வரி. சம்பாதித்ததில் அரசு எவ்வளவு எடுக்கிறது என்பது ஒரு விஷயம். விலையில் அது கைவைக்கிறதா என்பது வேறு விஷயம். டென்மார்க்கில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே கிடையாது. தொழிற்சங்கமும் முதலாளிகளும் பேசி முடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவிலோ 1938 முதல் மத்தியச் சட்டமே அதை நிர்ணயிக்கிறது. கூலி என்ற ஒரு சந்தையில் மட்டும் பார்த்தால் டென்மார்க்தான் சுதந்திரமானது. (சங்கமே ஒரு தடைதானே என்று வாதிடும் பொருளாதார அறிஞர்களும் உண்டு. எனக்கு அது இருதரப்பு ஒப்பந்தம்தான்.)

ஆகவே நாட்டைக் கேட்காதீர்கள், எந்தச் சந்தை என்று கேளுங்கள். சிங்கப்பூருக்குள் ஏறக்குறைய எல்லாச் சரக்கும் சுங்கவரி இல்லாமல் இறங்குகிறது. சரக்கு வணிகத்தில் அது தாராளமாகச் சுதந்திரச் சந்தை. வீட்டு விஷயத்தில் இல்லை.