கறுப்பு வேறு, துரு வேறு: கார்பன் மடக்குக் கத்தி கேள்வி பதில்

சின்ன கார்பன் ஸ்டீல் மடக்குக் கத்தி பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் பிரான்சின் ஒப்பினெல் கத்தியைப் பற்றியவை. என் சட்டைப்பையிலும் பல வருடமாக அதுதான் இருக்கிறது. அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து: சார், கார்பன் வாங்குவதா, ஸ்டெயின்லெஸ் வாங்குவதா? கடையில் ஸ்டெயின்லெஸ்தான் நல்லது என்கிறார்கள்.

அறுத்த கையோடு கத்தியைத் துடைக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் கார்பன் வாங்குங்கள். நூற்றுக்குச் சுமார் 0.9 பங்கு கார்பன் உள்ள எஃகு அது. துருவைத் தடுக்கும் குரோமியம் அதில் இல்லை. ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும். மீன் பிடிக்கப் போகிறவர், படகில் போகிறவர், ஈரக் கத்தியை அப்படியே மடக்கிப் போடுகிறவர் ஸ்டெயின்லெஸ்ஸே வாங்கட்டும். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. ஒப்பினெல் அலகிலேயே 'கார்போன்' (கார்பன்) அல்லது 'இனாக்ஸ்' (ஸ்டெயின்லெஸ்) என்று பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள்.

கோவையிலிருந்து: எல்லாரும் 8-ஆம் நம்பர் என்கிறார்களே, அதுவே போதுமா?

ஜோசஃப் ஒப்பினெல் 1890-இல் சவோய் மலைநாட்டில் இந்தக் கத்தியைச் செய்தார். 1897-இல் அளவு வாரியாக 1 முதல் 12 வரை நம்பர் போட்டார்கள். 1-உம் 11-உம் பிறகு நின்றுபோயின. 8-இன் அலகு 8.5 செ.மீ. சாப்பாட்டுக்கும் தோட்டத்துக்கும் சரியான அளவு. ஆனால் சட்டைப்பையில் தினமும் வைத்துக்கொள்ள 6-ஐத்தான் சொல்வேன். அலகு 7 செ.மீ., பையில் இருப்பதே தெரியாது. பழம் நறுக்க, பார்சல் கயிறு அறுக்க, பென்சில் சீவ இதற்கு மேல் தேவையில்லை.

லண்டனிலிருந்து: அண்ணை, இதைப் பொக்கற்றில கொண்டு திரியலாமோ?

6-உம் அதற்கு மேலும் வேண்டாம் தம்பி. மார்செல் ஒப்பினெல் 1955-இல் கண்டுபிடித்த பூட்டு வளையம் அவற்றில் இருக்கிறது. விரித்த அலகு விரலில் மடங்காமல் காக்கிற நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்கள் நாட்டுச் சட்டத்தில் பூட்டு இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்திக்குத்தான் காரணம் கேட்காத அனுமதி. பூட்டுக் கத்தி வைத்திருந்தால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். 2 முதல் 5 வரை வளையம் கிடையாது. 5-ஐ வாங்குங்கள்.

மதுரையிலிருந்து: விமானத்தில்?

கைப்பையில் கூடாது. செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து: வாங்கி இரண்டே நாள். வாழைப்பூ நறுக்கினேன், அலகு முழுக்கக் கறுப்பும் நீலமுமாகத் திட்டுத்திட்டாக ஆகிவிட்டது. கெட்டுப்போச்சா சார்?

கெடவில்லை அம்மா, இப்போதுதான் பழக ஆரம்பித்திருக்கிறது. உங்கள் பாட்டியின் அரிவாள்மனையை நினைத்துப் பாருங்கள். அது பளபளவென்று இருந்ததா? வாழைப்பூவின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புதான். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே வினையால்தான். மாங்காய், எலுமிச்சை, வெங்காயம் எல்லாமே ஆளுக்கொரு நிறம் ஏற்றும். இந்தக் கறுப்புப் படலம் அலகோடு ஒட்டி நிற்கும். துருவை முழுக்கத் தடுக்காவிட்டாலும் தாமதப்படுத்தும்.

பயப்பட வேண்டியது செம்மண் நிறத்துக்கு. விரலால் தேய்த்தால் ஒட்டுகிற செந்தூள்தான் துரு. அது உதிர உதிர உள்ளே இருக்கும் இரும்பையும் தின்னும். கறுப்பைத் தேய்த்து எடுக்காதீர்கள், சிவப்பை ஒரு நாளும் விட்டுவைக்காதீர்கள்.

புதுக் கத்தியில் ஆப்பிள் நறுக்கினால் லேசாக இரும்பு வாசம் அடிக்கும். படலம் ஏறினபின் அதுவும் குறைந்துவிடும்.

சென்னையிலிருந்து: மழைக்காலத்தில் அலகு பிடிக்குள் சிக்கிக்கொண்டது. நகம் உடைந்ததுதான் மிச்சம்.

பிடி பீச் (beech) என்ற மரம். ஈரம் குடித்து உப்பி அலகை நெருக்குகிறது. சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு தட்டு தட்டுவார்கள். பூட்டு வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, கத்தியை மடக்கியபடியே பிடித்து, பிடியின் அடிக்கட்டையை மேசை விளிம்பில் ஒரு போடு போடுங்கள். அலகின் நுனி சற்றே வெளியே எட்டிப் பார்க்கும், பிடித்து இழுத்துவிடலாம். நனைந்த கத்தியை விரித்தபடியே நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும்.

ஈரோட்டிலிருந்து: தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

அரிவாளுக்கும் கறிக்கத்திக்கும் அவர் கை நல்ல கை. இந்தச் சின்ன அலகைக் கொடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் சுற்றுகிற சக்கரத்தில் மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். விளிம்பில் நீலம் ஓடிவிட்டால் ஏறக்குறைய 300 டிகிரி தொட்டிருக்கிறது, பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த விளிம்பு தேய்ந்து போகும்வரை எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

வீட்டில் 1000 கிரிட் (கல்லின் நைசைச் சொல்லும் எண்) தண்ணீர்க்கல் ஒன்று போதும். கல்லை நனையுங்கள். அலகைக் கல்லிலிருந்து 15 முதல் 20 டிகிரி தூக்கிப் பிடித்து, கல்லின் மேல்தோலைச் சீவுகிற மாதிரி தள்ளுங்கள். அழுத்த வேண்டாம். மறுபக்கத்தில் விரலால் குறுக்கே தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது அடி முதல் நுனி வரை வந்த பிறகு பக்கம் மாற்றுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே போக, கூர் பின்னே வர, பத்து இழுப்பு. முடிதிருத்துபவர் சவரக் கத்தியைத் தோல் வாரில் தீட்டுகிற அதே முறை. காகிதத்தைச் சத்தமில்லாமல் அறுத்தால் வேலை முடிந்தது.

கண்டியிலிருந்து: எந்த எண்ணெய் பூச வேண்டும்?

சாப்பாட்டுக்கு ஆகிற மினரல் ஆயில் சிறந்தது. இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய், ஒரு சொட்டு. குளிரில் உறையும், ஆனால் பிசினாகாது. நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாளானால் காய்ந்து பிசுபிசுத்துக் கீல் இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் பூசிய கத்தியால் பழம் நறுக்காதீர்கள். தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைக்கவும் வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சேலத்திலிருந்து: தாத்தாவின் பேனாக்கத்தி பரணில் கிடைத்தது. சிவந்துபோயிருக்கிறது. தேறுமா?

தேறும் என்றே நினைக்கிறேன். உப்புத்தாள் போடாதீர்கள். கீலில் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் வலுக்கட்டாயமாக இழுக்காமல் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அலகு விரிந்ததும் எண்ணெய் தொட்ட 0000 என்ற மிக மெல்லிய இரும்பு நாரால் நீளவாக்கில் தேய்த்துக்கொண்டே வாருங்கள். செந்தூள் போய்க் கறுப்புத் தழும்பும் சின்னக் குழிகளும் தெரியும். அங்கே நிறுத்துங்கள். குழி மறையும்வரை தேய்த்தால் அலகே மிஞ்சாது. கூரை மட்டும் கல்லில் கொண்டுவந்து, சோப்பு நீரில் கழுவித் துடைத்து, ஒரு மாங்காய் நறுக்கிப் பாருங்கள்.